த்ரெட் பற்றி ஒரு கேள்வி

வேலை போன பிறகு திருத்தணி வீட்டில் இருந்தபடியே நேர்காணல்களுக்கு உட்கார்ந்தேன். அன்று மலையில் கிருத்திகைக் கூட்டம். ஒலிபெருக்கிச் சத்தத்துக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். கணினித் திரையில் கேள்வி கேட்டவர் என்னைவிட மிகவும் இளையவர்.

“புதுசா ஒரு த்ரெட் ஆரம்பிக்கிறீங்க சார். அதுக்கு டேட்டாவை டைப் மாறாம எப்படிக் கொடுப்பீங்க?”

த்ரெட் என்பது நிரலுக்குள் தனியாக ஓடும் இன்னொரு வேலை. பல மாத நேர்காணல்களில் முதல்முறையாக எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேட்டார்கள். உற்சாகமாகச் சொன்னேன். தரவை அப்படியே அனுப்பினால் அது எண்ணா, பெயரா என்ற அடையாளம் போய்விடும். தவறானது வந்தாலும் ஓடும்போதுதான் தெரியும். அதனால் தரவையும் அதற்கான வேலையையும் கிளாஸ் என்னும் ஒரே கூட்டுக்குள் வைத்து த்ரெட்டிடம் கொடுப்பேன். பிழை இருந்தால், ஓடுவதற்கு முன்பே நிரலைச் சரிபார்க்கும் கம்பைலரே பிடித்துவிடும்.

“கரெக்ட் சார். ஆனா இப்ப இதையெல்லாம் ஏஐயே எழுதிடுது. ஆள் எடுக்குறதே கொறஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏன் கேட்டீங்க?”

“கேக்கச் சொல்லியிருக்காங்க சார்,” என்றார் கூச்சத்துடன்.

அழைப்பு முடிந்ததும் மனைவி உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னா பாவா, தப்பா சொல்லிட்டீங்களா?”

“இல்ல, சரியாத்தான் சொன்னேன்.”

அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க முடியாமல் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன்.