பச்சை மையில் ‘முடிந்தது’

ஊருக்குத் தண்ணீர் விடும் அலுவலகத்தில், புகார்ப் பிரிவில் பதினேழு வருடம் உட்கார்ந்திருந்தவளை எல்லாரும் கோப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் காகிதம் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். நாற்பத்தொரு வயதில் தகவல் மேலாண்மையில் முதுகலை சேர்ந்தாள். வாரக் கடைசியில் வகுப்பு. “பேரன் எடுக்கிற வயசுல புத்தகப் பையா?” என்று கேலி செய்த உறவுக்கெல்லாம் சிரிப்புதான் பதில்.

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம். புகார் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குப் போய்விட்டால், அனுப்பியவர் பதிவேட்டில் பச்சை மையால் ‘முடிந்தது’ என்று எழுதிவிடுவார். புகார் கொடுத்த வீட்டுக்கும் அப்படியே ஒரு சீட்டு போகும். குழாயை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மேசை மாறினாலே புகாருக்கு மோட்சம்! ஒரு பெரியவர் ஒரே உடைந்த குழாய்க்காக ஒன்பது முறை வந்தார். ஒன்பது சீட்டு வாங்கினார். பத்தாம் முறை அவர் மகள் வந்தாள்.

“அப்பா போய்ச் சேர்ந்துட்டாருக்கா. குழாய்தான் இன்னும் ஒழுகுது.”

அன்றைக்கே ஆய்வேட்டின் தலைப்பு முடிவானது: புகார்கள் எங்கே தொலைகின்றன?

பதினெட்டு வாரத் திட்டத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். பதிவேட்டைப் பயன்படுத்த மனு கொடுத்தாள். மேலாளர், “தாராளமா எழுதும்மா, நம்ம ஆபீஸுக்குத்தானே பெருமை” என்றார். ‘முடிந்தது’ என்றிருந்த இருநூறு புகார்களை எடுத்து, வீடு வீடாகப் போய்க் கேட்டாள். நூற்று முப்பத்தொரு வீட்டில் எதுவுமே முடியவில்லை.

எழுதிய அத்தியாயத்தை மரியாதைக்காக மேலாளரிடம் காட்டினாள். வினை அங்கேதான் பிடித்தது.

“யாரைக் கேட்டுப் பதிவேட்டைத் தொட்டீங்க?”

“நீங்கதானே சார் சொன்னீங்க?”

“வாயால சொன்னா அனுமதியா? எழுத்துல இருக்கா?”

ஆய்வேட்டை ஒப்படைக்கப் பத்தே நாள். வழிகாட்டிப் பேராசிரியர் கையை விரித்தார். “எழுத்துல அனுமதி இல்லாம ஏத்துக்க மாட்டாங்கம்மா. நாலு புத்தகத்தை வச்சுப் பொதுவா எழுதிடுங்க.”

“பொதுவாவா? அந்தக் குழாய் பொதுவாவா சார் ஒழுகுது?”

வீட்டில் பஸ் ஓட்டும் கணவர் சொன்னார்: “விட்டுத் தள்ளேன். ஊரைத் திருத்த நீதான் பொறந்தியா?”

“நான் யாரையும் திருத்தலைங்க. ஏமாத்துனதை ஏமாத்துனதுன்னு எழுதக் கூடாதா? கடவுளுக்குப் பொறுக்குமா இது?”

சாமி படத்தின் முன் விளக்கேற்றும்போதும் கோபம் ஆறவில்லை. கும்பிட்ட கையோடு அன்று வந்த தபாலைப் பிரித்தாள். அலுவலகத்திலிருந்து ஒரு சீட்டு. அனுமதி கேட்டு அவள் கொடுத்த மனு மேலாளர் மேசைக்குப் போயிருந்தது. அவ்வளவுதான். பச்சை மையில்: ‘தங்கள் மனு முடிந்தது.’

“அடப்பாவிகளா, எனக்கேவா!” என்று வாய்விட்டே கத்திவிட்டாள். கணவர் ஓடிவந்தார். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், சட்டென்று எழுந்தாள்.

“பதிவேடு அவங்களோடது. சீட்டு? அது அவங்கவங்க வீட்டோடது! இதுக்கு எவன் அனுமதி வேணும்?”

“ஏறு வண்டியில” என்றார் கணவர். விடுப்பு எடுத்துக்கொண்டு அவரும் வீடு வீடாகக் கூட வந்தார்.

ஆறு நாளில் நூற்றுப் பதினெட்டு வீடுகள் சீட்டைத் தந்து, பயன்படுத்தச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டன. முதலில் தந்தவள் அந்தப் பெரியவரின் மகள். ஒன்பது சீட்டையும் ரப்பர் பட்டை போட்டு, அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தாள். அத்தியாயத்தைப் பதிவேடு இல்லாமலே திரும்ப எழுதினாள் கோப்பக்கா. முதல் சான்றாகத் தன் சீட்டையே ஒட்டினாள்.

கடைசி நாள். பேராசிரியர் சம்மதத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு கையெழுத்துப் போடப் பேனா மூடியைத் திறந்தார். பச்சை மை.

“சார், அது வேண்டாம்” என்று தன் நீலப் பேனாவை நீட்டினாள். “அந்தப் பொண்ணு வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகிட்டுத்தான் இருக்கு.”