பெரியப்பா தேடிய மெடல்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதன் பிறகு பேனா பிடித்ததைவிடத் துடுப்பு பிடித்ததே அதிகம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய பட்டாளத்து மெடல்களைச் சேகரிக்கிற ஒருவர் நாகர்கோவிலில் இருந்து அடிக்கடி வருகிறார். எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் கிடக்கிற மெடல்கள் அவருக்கு வேண்டுமாம். கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, எது எங்கிருந்து வந்தது என்று எழுதியாவது தாருங்கள் என்கிறார். ஆள் எதிரே இருந்தால் எனக்கு நாக்கு எழாது. அதனால் எழுதுகிறேன். உடம்பும் முன்போல இல்லை. தள்ளிப்போட்டால் பிறகு நடக்காது.

டின் என் பெரியப்பாவுடையது. முட்டத்துக்குப் பக்கத்தில் கடலோரத்தில் எங்கள் ஊர். பெரியப்பாவின் அப்பா, அதாவது என் தாத்தா, வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர் திரும்பவில்லை. ஆளுக்குப் பதிலாகத் தபாலில் ஒரு மெடல் வந்தது. அப்போது பெரியப்பா சின்னப் பையன். மெடல் வந்த கொஞ்ச நாளில் அவருக்கு வைசூரி கண்டது. பிழைத்து எழுந்தபோது முகமெல்லாம் அம்மைத் தழும்பு. மெடலைக் காணவில்லை. கஞ்சிக்கு வழியில்லாமல் விற்றுவிட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

அவர் அதை நம்பினார். விற்றது என்றால் எங்காவது இருக்கத்தானே வேண்டும்? கடல் கலங்கி வள்ளம் இறக்க முடியாத நாட்களில் பஸ் ஏறிப் புதுக்கடைச் சந்தைக்குப் போவார். பழைய இரும்பும் பித்தளையும் எடுக்கிற ஆக்கர் கடைகளில் குந்தியிருந்து குப்பையைக் கிளறுவார். மெடலின் விளிம்பில் பட்டாளக்காரரின் எண்ணையும் பெயரையும் பொறித்திருப்பார்கள். பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எண் தெரியும். பட்டாளத்துக்குக் கடிதம் போடப் பெயரைவிட எண்தான் முக்கியம் என்பதால், தாத்தாவின் எண் வீட்டில் எல்லோருக்கும் செபம் மாதிரி மனப்பாடம். பெரியப்பா அதைத் தன் வள்ளத்தின் முன்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார். புதிதாக வருகிற மீன்துறை அதிகாரிகள் அதை அரசாங்கம் கொடுத்த எண் என்று நினைத்து மரியாதையாகக் குறித்துக்கொண்டு போவார்கள்.

எண் வேறாக இருந்தாலும் மெடலை விடமாட்டார். "இதுவும் எவனாவது ஒருத்தனுக்க அப்பன்தானே" என்று சொல்லி வாங்கி டின்னில் போடுவார்.

அவருக்கு அக்கா ஒருத்தி உண்டு, என் அத்தை. மீன்கூடையைத் தலையில் வைத்து உள்நாட்டு ஊர்களுக்குப் போய் விற்பவள். அங்கே பட்டாளக்காரர் வீடுகள் அதிகம். சாளையோ நெத்திலியோ கூடுதலாக அள்ளிப் போட்டு, அந்த வீடுகளில் பெட்டிக்கடியில் கிடக்கிற மெடலைக் கேட்டு வாங்கிவருவாள்.

"மக்கா, இது ஒனக்கதா பாரு."

"இல்லக்கா."

"போட்டு. இன்னொண்ணு கிட்டும்."

எத்தனை தடவை கழுவினாலும் அந்த மெடல்களில் மீன்வாடை போகாது.

எங்கள் ஊர்க் கோயிலில் தை மாதம் புனித செபஸ்தியார் திருவிழா நடக்கும். அவரும் பட்டாளக்காரர்தான்; வைசூரியைத் தடுக்கிறவரும் அவரே. நேர்ந்துகொண்டவர்கள் வெள்ளியில் கண், கால் என்று செய்து அவர் சொரூபத்தின் தோளில் கிடக்கிற சிவப்புப் பட்டையில் மாட்டுவார்கள். பட்டையில் இடம் போதாமல் பழையது அலமாரிக்குப் போகும். எனக்கு ஒன்பது பத்து வயது இருந்த ஒரு வருடம் கோயில் கூரை ஒழுகியது. புதிதாக வந்த பங்குச்சாமியார், அலமாரியில் கிடக்கிற காணிக்கைகளையும் கோழி, தேங்காயோடு சேர்த்து ஏலம் விடச் சொன்னார்.

கோயில் வேலைகளைக் கவனிக்கிற உபதேசியார் எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் பரப்பினார். கண்ணுக்கும் காலுக்கும் நடுவில் ஒரு மெடல் கிடந்தது. பழக்கதோஷத்தில் எடுத்து விளிம்பைத் திருப்பினேன்.

"பெரியப்பா! வள்ளத்து நம்பரு!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வாங்கி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். அவர் வாய் கோணியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

ஏலம் தொடங்கியது. பெரியப்பா கேட்டார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. தாத்தாவின் மெடல் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. உபதேசியார் ஒரு தரம் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கூட்டிக் கேட்டது. அத்தை.

கூட்டம் சிரித்தது. "அக்காளும் தம்பியும் வீட்டுல போயி ஏலம் விளியுங்க" என்றார் உபதேசியார்.

"அக்கா, ஒனக்கு கிறுக்கா? இது நம்ம அப்பனுக்க மெடலு."

"தெரியும்லே."

"பின்ன என்னத்துக்கு கேக்க?"

"ஒனக்கு அது வேண்டாம். நிறுத்து."

பெரியப்பா நிறுத்தவில்லை. கூட்டினார். அத்தையும் கூட்டினாள். கடைசியில் காதில் கிடந்த தோட்டைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தாள். சிரிப்பு நின்றது. "நான் வள்ளத்த வைக்கேன்" என்று பெரியப்பா கத்தினார். அவர் செய்யக்கூடியவர்தான். அப்போது அத்தை ஆண்கள் பக்கம் நடந்துவந்து, அவர் தலையைத் தாழ்த்திப் பிடித்துக் காதில் ஏதோ சொன்னாள்.

பெரியப்பாவின் கை மெதுவாக ஏறிக் கன்னத்துத் தழும்புகளைத் தடவியது. "எனக்கு வேண்டாம்" என்று உபதேசியாரிடம் சொன்னார்.

அத்தை மெடலை எடுத்துப் போய்ச் செபஸ்தியாரின் பட்டையில் திரும்பவும் மாட்டினாள். வீட்டுக்குக் கொண்டுபோகலாமே அம்மா என்று சாமியார் கேட்டார்.

"குடுத்தத திருப்பி எடுக்கப்பிடாது சாமி" என்றாள்.

எனக்கு அத்தைமேல் பொறுக்க முடியாத ஆத்திரம். தம்பிக்குக் கிடைக்கக் கூடாது என்று தோட்டையே தொலைத்தவள் என்று நினைத்தேன். பெரியப்பா அதன் பிறகு சந்தைக்குப் போகவில்லை. டின்னைத் திறக்கவும் இல்லை. வள்ளத்தில் இருந்த எண்ணை உப்புக்காற்று தின்றது. அவர் மறுபடி எழுதவில்லை.

அத்தை என்ன சொன்னாள் என்பதைப் பல வருடம் கழித்து, படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பெரியப்பாவே சொன்னார். "வைசூரியில நான் செத்துரப்பிடாதுன்னு அவ அத நேர்ந்து குடுத்தாளாம். நான் அத எடுத்தா, செபஸ்தியாரு என்னய எடுத்துருவாருன்னு சொன்னா." அப்போது அத்தை உயிரோடு இல்லை.

அதோடு எல்லாம் விளங்கிவிட்டது என்றுதான் இருந்தேன். இப்போது எழுதுவதற்காக டின்னைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். ஆக்கர் கடையில் பெரியப்பா வாங்கியவை மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் மீன்கூடையில் வந்தவை. அவர் தேடுவது எங்கே இருக்கிறது என்று அத்தைக்குத் தெரியும். அதைக் கோயிலில் விட்டுவந்தவளே அவள்தான். அப்படியும் வெயிலில் வீடு வீடாக ஏறி, மீனைக் கொடுத்து வேறு யாருடைய அப்பனையோ வாங்கி வந்து, "இது ஒனக்கதா பாரு" என்று தம்பியிடம் நீட்டியிருக்கிறாள். அவர் விளிம்பைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டுவதை ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

அவளும் தேடுகிறாள் என்றுதான் சிறுவனாக இருந்த நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி இருபத்தொன்று, திருவிழாக் கொடி இறக்கிய மறுநாள் எழுதியது.