எடுத்துப்போட்டுப் போடுங்க

கல்முனைக் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் திருத்துகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் "சும்மா ஒரு சின்ன வேல காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லித்தான் சாமானை மேசையில் வைப்பார்கள். சின்ன வேலையென்றால் வீட்டிலேயே செய்திருக்கலாமே என்று நானும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அப்படிப்பட்ட நான் கேட்க வேண்டிய ஒரேயொரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன். ஒரு பிள்ளைக்கு அவளுடைய வாப்பாவின் குரல் இல்லாமல் போனது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் மற்றதையெல்லாம் பிறகு படிக்கலாம். இதை முதலில் படியுங்கள்.

நஸீரா சம்மாந்துறையிலிருந்து ஒரு வியாழக்கிழமை காலை வந்தார். அறுவடை நேரம். நெல் ஏற்றிய டிரக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து வந்ததாகச் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையில் ஒரு பழைய லேப்டாப். அதோடு, கைலேஞ்சித் துணியில் சுற்றிய ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். அந்தக் கைலேஞ்சியைப் பார்த்தே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். வெறும் சாமானை யாரும் அப்படிச் சுற்றிக்கொண்டு வருவதில்லை.

லேப்டாப்பைக் கழற்றினேன். போர்டில் உள் டிஸ்க் கொளுவுகிற இடம் மட்டும் எரிந்துபோயிருந்தது.

"உள்ளுக்க புது டிஸ்க் போட ஏலா தங்கச்சி. நீங்க கொண்டு வந்த இந்த வெளி டிஸ்க்ல விண்டோஸ ஏத்தி, அதிலிருந்தே ஓட்டலாம். கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும்" என்றேன்.

"பரவால்ல காக்கா. மகள் ஏஎல் சோதனை எடுக்கிறா. வகுப்பெல்லாம் இதிலதான். ஓடினாப் போதும்."

எழும்பிப் போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"டிஸ்குக்குள்ள இரிக்கிற எல்லாத்தையும் எடுத்துப்போட்டுப் போடுங்க காக்கா."

"ஓம் ஓம். எடுத்துப்போட்டுத்தான் போடுவன்" என்றேன். வேறொரு பிரிண்டரைத் திறந்துகொண்டே சொன்ன பதில் அது.

எங்கள் பக்கத்தில் 'எடுத்துப்போட்டு' என்றால் எடுத்துவிட்டு. கடைப் பேச்சில் அந்த 'எடு' என்றால் அழி. வைரஸை எடு, பழைய விண்டோஸை எடு, பாஸ்வேர்டை எடு. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சொல் என் காதில் அப்படித்தான் விழுகிறது. வீட்டில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு 'எடு' என்றால் என்ன? மழைக்கு முன்னால் கொடியில் கிடக்கிற உடுப்பை எடுப்பது. எடுத்துப் பத்திரமாக வைப்பது.

வேலையைத் தொடங்கினேன். அழிப்பதைக் கடைசிக்கு வைப்பது என் வழக்கம். அதனால் உள்ளே இருந்ததைத் தொடாமல், மிச்சமிருந்த இடத்தில் ஒரு பார்ட்டிஷன் பிரித்து அதில் விண்டோஸை ஏற்றினேன். நூற்றுக்கு முப்பத்தெட்டு வீதத்தில் எரர் காட்டி நின்றது. மறுபடி ஏற்றினேன். எழுபத்தொன்றில் நின்றது. பயோஸில் பூட் செட்டிங்கை மாற்றினேன், விண்டோஸ் இருந்த பென் டிரைவை மாற்றினேன். இம்முறை இருபதைக்கூடத் தாண்டவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தி வாசியுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது என்றால் முதலில் டிஸ்கை லேப்டாப்போடு இணைக்கிற கேபிளைச் சந்தேகப்பட வேண்டும். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று எனக்குக் கோபம் ஏறியிருந்தது. ஒரு விண்டோஸ் என்னை அலைக்கழிப்பதா என்ற வீம்பு. டிஸ்கின் பழைய பார்ட்டிஷன் டேபிள்தான் குழப்புகிறது என்று முடிவு கட்டினேன். அவதான் எல்லாத்தையும் எடுக்கச் செல்லிட்டாவே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அழிப்பதற்கு முன் ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. அதற்குப் பெயர் 'மகளுக்கு'. நான் திறக்கவில்லை. வாடிக்கையாளரின் ஃபைலைத் திறந்து பார்ப்பதில்லை என்பது நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்ட ஒழுக்கம். டிஸ்கை முழுக்கத் துடைக்கிற கிளீன் கட்டளையை அடித்தேன். ஒரு நொடி வேலை.

டிஸ்கைப் புதிதாகப் பிரித்து மறுபடி ஏற்றினேன். பன்னிரண்டு வீதத்தில் நின்றது. அப்போதுதான் கேபிளை விரலால் அசைத்துப் பார்த்தேன். பிளக்கின் கழுத்தடியில் ஆடியது. மேசை லாச்சியிலிருந்து வேறொரு கேபிளை எடுத்துக் கொளுவினேன். ஒரு தடங்கலும் இல்லாமல் நூறு வரை ஓடி முடிந்தது. எதையும் அழித்திருக்கவே தேவையில்லை.

சனிக்கிழமை நஸீரா வந்தார். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். சந்தோசப்பட்டார்.

"மாஷா அல்லாஹ். எடுத்து வெச்சதெல்லாம் எங்க காக்கா இரிக்கி?"

"என்னத்த எடுத்து வெச்சது?"

"உள்ளுக்க இருந்தது. எடுத்துப்போட்டுப் போடுங்கண்டு செல்லிட்டுத்தானே போனன்."

அழித்துவிட்டேன் என்பதை எப்படியோ சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தக் கைலேஞ்சியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"மகள்ட வாப்பா கத்தார்ல இரிக்கக்குள்ள, லைன் கெடைக்காத நாள்ல மகளுக்குக் கதைச்சு ஃபோன்ல பதிஞ்சு வெப்பார். இதில ஏத்தி வெச்சிருந்தவர். மௌத்தான பொறகு அவர்ட பேக்கோட இதுதான் வந்த, ஃபோன் வரல்ல. மகள் வெள்ளிக்கு வெள்ளி ஒண்டுதான் கேப்பா. முடிஞ்சிருமெண்டு பயம். பாதிகூட இன்னம் கேக்கல்ல."

"ஏன் தங்கச்சி முதல்லயே இதச் செல்லல்ல?" என்று கேட்டேன். கேட்டதும் வெட்கமாகிவிட்டது.

"நீங்க கேக்கல்லயே காக்கா" என்றார்.

டிஸ்கை வாங்கி வைத்துக்கொண்டேன். ஐந்து நாள் கடையில் வேறு வேலை எடுக்கவில்லை. தெரிந்த ரிக்கவரி மென்பொருள் எல்லாவற்றையும் ஓட்டினேன். இறந்துபோன அந்த மனிதர் கத்தாரில் எடுத்த படங்கள் கொஞ்சம் மீண்டு வந்தன. கட்டடச் சாரம், இரட்டைக் கட்டில் போட்ட அறை, சோற்றுத் தட்டு. குரல் பதிவுகள் இருந்த இடத்தின் மேல் நான் ஏற்றிய விண்டோஸ் குந்திக்கொண்டிருந்தது. ஒரு சொல்கூட வரவில்லை. டிஸ்கைத் திருப்பி, அந்தப் படங்களை மட்டும் நஸீராவிடம் கொடுத்தேன். அவை எல்லாம் ஏற்கெனவே தன் ஃபோனில் இருப்பதாக அவர் சொன்னார்.

இப்போது என் மேசைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன்: 'அழிப்பதா? வைப்பதா?' எடு என்ற சொல் எந்த வாயிலிருந்து வந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் சாமானைத் தொடுவதில்லை. ஃபோல்டரின் பெயர்களை வாடிக்கையாளருக்கு முன்னாலேயே வாசித்துக் காட்டுகிறேன். இன்ஸ்டலேஷன் தோற்றால் முதலில் கேபிளை மாற்றுகிறேன்.

நாலு மாதம் கழித்து அந்த மகளே லேப்டாப்பையும் டிஸ்கையும் தூக்கிக்கொண்டு வந்தாள். வகுப்பு விட்டு நேரே வந்திருந்தாள், வெள்ளைச் சீருடை. அப்டேட் பாதியில் நின்று விண்டோஸ் திறக்கவில்லை. மறுபடி ஏற்ற வேண்டும். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"உள்ளுக்க இரிக்கிறத வெக்கிறதா மகள், அழிக்கிறதா?"

"இப்ப அதுக்குள்ள ஒண்டுமில்ல மாமா. நீங்க அழிக்கலாம்."

நான் அழிக்கவில்லை. புதுக் கேபிள் கொளுவி, டிஸ்கில் இருந்த அத்தனையையும் இன்னொரு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். அவள் சொன்னது சரிதான். பாடக் குறிப்புகளைத் தவிர அதற்குள் ஒன்றும் இருக்கவில்லை.