பர்மா தேக்கு வாசல்

தேக்கு நல்ல மரம். அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கப்பல் கட்டினால் உப்புத் தண்ணீரைத் தாங்கும். கட்டில் செய்தால் பேரன் காலம் வரை கிடக்கும். கறையான் கிட்டே வராது. கழுகுமலைப் பக்கம் எங்கள் ஊர்ச் சுடலைக்கண்ணு கையில் வந்து சிக்கியதுதான் அதன் தலையெழுத்து.

அவர் வீடு கட்டும்போது, கரிசல் மண்ணை ஆழத் தோண்டி எடுத்துவிட்டு மணலும் சரளும் போட வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண். சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"பூமிக்குள்ள போறதை எவன் பாக்கான்?" என்றார் சுடலைக்கண்ணு.

அஸ்திவாரத்துக்கு வைத்திருந்த காசு, காரைக்குடியில் இடித்த வீட்டின் நிலையும் கதவுமாக லாரியில் வந்து இறங்கியது. பர்மா தேக்கு, யானையும் அன்னமும் செதுக்கியது. பின்வாசலுக்கு மரம் வாங்க வழியில்லாமல் செங்கலை வைத்து அடைத்துவிட்டார். போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கச் சொல்லுவார். அந்தப் பவிசைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலைப்பிரசவத்துக்கு அவர் மகள் முத்துசெல்வி வந்திருந்தாள். ஐப்பசியில் விடாத அடைமழை. மண் உப்பிச் சுவர் கோணியது. நிலை சாய்ந்து கதவு இறுகிக்கொண்டது. அன்று காலை பார்த்து அவளுக்கு வலி எடுத்தது. ஜன்னலெல்லாம் கம்பி. ஆம்புலன்ஸ் தெருவில் நிற்க, உள்ளே பிள்ளை அலறினாள். கடப்பாரையோடு ஓடினேன்.

உள்ளேயிருந்து சுடலைக்கண்ணு குரல் கொடுத்தார்: "கதவுல கடப்பாரையப் போட்டுராதீங்க. ஆசாரி வரட்டும், நைசா இழைச்சுத் திறப்பாரு."

மனுசனா இவன் என்று நினைத்தேன். அதற்குள் அவர் மனைவி சொர்ணத்தாய் என்னைக் கூப்பிட்டாள்: "கடற்கரை அண்ணாச்சி, பின்னால வாங்க. அந்தச் செங்கலை இடிங்க."

இடித்தேன். அந்த ஓட்டை வழியாகத்தான் முத்துசெல்வியைத் தூக்கிக்கொண்டு போனோம். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது.

பிள்ளையோடு அவள் திரும்பிய நாளில் வெயில் காய்ந்து மண் அமுங்கியிருந்தது. கதவும் திறந்துகொண்டது. அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, மாவிலை கட்டி, சலவை வேட்டியில் நின்றிருந்தார் சுடலைக்கண்ணு. ஆட்டோவிலிருந்து இறங்கிய முத்துசெல்வி கதவைப் பார்த்தாள். பிள்ளையை அணைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள்.

"ஏட்டி, வாசல் இங்கன இருக்கு" என்றார்.

"எனக்குத் திறந்த வாசல் அங்கன இருக்குப்பா."

அங்கே, இடிந்த செங்கலுக்கு நடுவில், சொர்ணத்தாய் ஆரத்தித் தட்டோடு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தாள்.