அண்ணி விளக்கிய கார்

அண்ணியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்கள் அனைவருக்கும் வணக்கம். அண்ணிக்கு நான் ஒரே நாத்தனார். அவருடைய பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக வந்து, "அத்தை, அம்மாவப் பத்தி நீங்கதான் எழுதணும்" என்றார்கள். அவர்கள் எதிர்பார்த்தது பிறந்தது, வளர்ந்தது, வாழ்ந்தது என்று நாலு நல்ல வார்த்தை. அதையும் எழுதுகிறேன். கூடவே ஒரு விஷயத்தையும் எழுதியாக வேண்டும்.

அண்ணியைக் கிடத்தியிருந்த அன்று, மாலையோடு வந்து உட்கார்ந்த பெண்கள் அழுது ஓய்ந்த பிறகு யாரோ ஒருத்தி கார் கதையை எடுத்தாள். "கார பித்தளைக் குண்டான்னு நெனச்சி வெளக்கின மகராசி ஆச்சே!" என்றதும் அழுத முகங்களெல்லாம் சிரித்தன. அண்ணி இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். நான் மட்டும் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். ஏறக்குறைய அறுபது வருஷமாக நம் குடும்பத்தில் சொல்லிச் சிரிக்கிற அந்தக் கதையில் ஒரு ஆளை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் சொல்கிறீர்கள். விட்டுப்போன ஆள் நான்.

அண்ணி பிறந்தது அவலூர்பேட்டையில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிற குடும்பத்தில். ஒரு அண்ணனுக்குப் பின் பிறந்த தங்கைகளில் மூத்தவர். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. மூட்டையை ஒரு ஆள் கை கொடுத்தால் போதும், இடுப்பில் வாங்கிவிடுவார். அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் செஞ்சிக்கு வாழ வந்தார். எங்களைப் பெற்ற நைனா அப்போதே இல்லை. அண்ணன் ஒரு மல்லாட்டை மண்டி முதலாளியிடம் டிரைவர். அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம். என் கல்யாணத்துக்கும் அதை நம்பித்தான் இருந்தோம்.

முதலாளி வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாது. எங்கள் வீட்டில் மாடு விற்றுக் காலியான கொட்டகை இருந்தது. அதனால் கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய பிளசர் கார் எங்கள் வீட்டில் வந்து நின்றது. தெருவில் எங்களுக்கு வந்த மரியாதையைச் சொல்ல வேண்டுமா! அண்ணன் அதைக் கழுவுகிற அழகை வேலை வெட்டி இல்லாதவர்கள் நின்று பார்ப்பார்கள். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணைக் கரைய விடுவார். மண்ணோடு துணி போட்டால் பெயிண்ட் கீறும் என்பார். பிறகு பூந்திக்கொட்டை நுரை. மேலிருந்து கீழே வரவேண்டும். கூரைக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு வேறு துணி. இரண்டும் மாறிவிட்டால் அன்றைக்கு யாரும் அவரோடு பேச முடியாது. கடைசியில் பழைய வேட்டியால் ஒற்றி எடுப்பார், தேய்க்க மாட்டார். கண்ணாடிக்கு மட்டும் நனைத்த பேப்பர். அந்தக் கண்ணாடி வேலை என்னுடையது. என்னைத் தவிர வேறு யார் கையும் அந்தக் காரில் பட அண்ணன் விட்டதில்லை. எனக்கு அதில் தலைக்கனம், தாளாத தலைக்கனம்.

கல்யாணமாகி மூன்றாம் வாரம் அண்ணன் அந்தப் பேப்பரை அண்ணியிடம் கொடுத்தார். "நீ கண்ணாடி தொடை, பாப்பா அடுப்பப் பாத்துக்கட்டும்" என்றார். வீட்டில் பாப்பா என்றால் நான். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு வயிறு எரிந்தது பாருங்கள், அடுப்பில் அந்த நெருப்பு இல்லை.

அந்த மாதம் முதலாளி ரயிலில் மெட்ராஸ் போயிருந்தார். வியாழக்கிழமை மதியம் திண்டிவனம் ஸ்டேஷனில் போய் அவரை அழைத்து வரவேண்டும். அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, வல்லத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. புதன்கிழமை காலையில் அண்ணன் மண்டி வேலையாகப் போகும்போது அண்ணியிடம், "உள்ள மட்டும் சுத்தம் பண்ணி வை, வெளிய நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி உள்ளே புகுந்தார். அப்படி ஒரு சுத்தத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மிதியடியெல்லாம் எடுத்து உதறி வெயிலில் போட்டார். பின் சீட்டு மெத்தையை அண்ணனே ஒருநாளும் கழற்றியதில்லை. அண்ணி அதை அடியோடு பெயர்த்துத் தூக்கி வெளியே வைத்தார். அடியில் இருந்து மல்லாட்டைத் தோல் ஒரு முறம், காய்ந்த வெற்றிலைக் காம்பு, சுருட்டுத் துண்டு, யாருடையதோ கொண்டை ஊசி எல்லாம் வந்தன. ரெக்சினை ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் துடைத்தார். எண்ணெய் வைக்கட்டுமா என்று என்னைக் கேட்டு, "ஐயோ வேணாம், முதலாளி வெள்ளை வேட்டி" என்று தானே சொல்லிக்கொண்டார். சுருட்டு நாற்றம் போக எலுமிச்சம்பழத் தோலைக் கதவு இடுக்கெல்லாம் தேய்த்தார். முடித்து வெளியே வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பாப்பா, வெளியவும் பண்ணிட்டா உங்க அண்ணன் சந்தோஷப்படுவாரா?"

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை அட்சரம் மாறாமல் எழுதுகிறேன்.

"பண்ணுங்க அண்ணி. ஆனா வெறும் தண்ணி ஊத்தினா இன்னா ஆவும்? சாம்பலும் புளியும் போட்டு தேங்கா நாருல வெளக்கினாதான் மின்னும். அண்ணன் மாசத்துக்கு ஒருவாட்டி அப்டித்தான் பண்ணும்."

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டேன். அண்ணி ஒரு ஓரத்தில் நாலு இழுப்பு இழுப்பார், அண்ணன் வந்து திட்டுவார், கண்ணாடிப் பேப்பர் என் கைக்குத் திரும்பி வரும் என்பது என் கணக்கு. அண்ணியின் கை எப்படிப்பட்ட கை என்பதை யோசிக்காமல் போனேன். வழியில் வாயடித்து நின்றுவிட்டுத் திரும்பி வந்தால், பானட் முழுக்க முடிந்து, அண்ணி இடது பக்கக் கதவில் இருந்தார். கறுப்புக் கார் அடுப்புச் சாம்பல் நிறத்தில், வட்டம் வட்டமாகக் கீறல் விழுந்து நின்றது. அண்ணி வேர்வை சொட்டச் சொட்டச் சிரித்தார்.

"பாரு பாப்பா, எவ்ளோ கரி! தேய்க்கத் தேய்க்க வந்துக்கினே இருக்குது!"

நான் குடத்தை இறக்கக்கூட மறந்து நின்றேன். என் முகத்தைப் பார்த்த அண்ணி, காரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நாரைக் கீழே போட்டுவிட்டார். அந்த நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சாயங்காலம் அண்ணன் வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"யாரு பண்ணது?"

"நான்தான்" என்றார் அண்ணி.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல. எங்க வீட்ல பாத்திரம் அப்டித்தான் வெளக்குவோம்."

அதைச் சொன்னபோது அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பார்வை பார்த்திருந்தாலும் அண்ணன் கண்டுபிடித்திருப்பார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பாத்திரத்துக்கும் காருக்கும் வித்தியாசம் தெரியாதவளக் கட்டிக்கினு வந்துட்டமே! நாளைக்கு அந்த மனுஷன் வேலைய விட்டுப் போடான்னா, வெள்ளிக்கிழமை வர்றவங்களுக்கு நான் இன்னா சொல்றது? இவள அவலூர்பேட்டையிலயே கொண்டு போய் விட்டுட்டு வா. எல்லாம் அடங்கினப்புறம் பாக்கலாம்."

அண்ணன் அதைத் தடுக்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிக் கொண்டுபோய் விட்ட பெண்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது இதைப் படிக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். அண்ணி நிமிர்ந்து சொன்னார்: "விடுறதுன்னா விடுங்க. அதுக்கு முன்னாடி நானே முதலாளியப் பாத்துச் சொல்லிட்றேன். தப்பு பண்ணவ நான், இவர வேலைய விட்டு எடுக்காதீங்கன்னு கேக்கறேன்." மூன்று வாரத்து மருமகள் முதலாளியிடம் பேசுவதா என்று அம்மா மறுபடி தலையில் அடித்துக்கொண்டார்.

நான் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி கை கால் கழுவ வந்தவர், பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழுவாத. மூஞ்சி வீங்கிச்சுன்னா வெள்ளிக்கிழமை வர்றவங்க இன்னா நெனப்பாங்க?"

"நான் போய்ச் சொல்லிட்றேன் அண்ணி. வேணும்னுதான் சொன்னேன்."

"அது எனக்குத் தெரியாதா? எங்க அண்ணனுக்குக் கல்யாணம் ஆனப்ப, அண்ணி வெச்ச கொழம்புல ஒரு பிடி உப்ப அள்ளிப் போட்டவ நான்." சிரிக்க வேறு செய்தார். பிறகு என் கையைப் பிடித்தார். "கேளு. அண்ணிக்காரிக்குக் குழி வெட்டினவன்னு ஊருக்குத் தெரிஞ்சா ஒன்ன யாரு கட்டுவான்? எனக்குத்தான் தாலி ஏறிடுச்சே. ஒனக்கு இன்னும் ஏறல. கெட்ட பேரு ரெண்டு பேருக்கு எதுக்கு? ஒருத்தி வாங்கினா போதும். வாயத் தொறந்தேன்னா பாரு."

நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. அண்ணியின் பெருந்தன்மையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நான் அதன் கீழே நின்றுவிட்டேன்.

மறுநாள் அண்ணனும் அண்ணியும் திண்டிவனம் போனார்கள். அங்கே நடந்ததை அண்ணன் பின்னால் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். முதலாளி காரைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாராம். அண்ணி முன்னால் போய், "நான்தாங்க பண்ணேன், தெரியாம வெளக்கிட்டேன், இவரு மேல தப்பு இல்லீங்க" என்று கையைக் கூப்பினாராம். முதலாளி கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். சீட்டு இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். மூச்சை இழுத்து மோந்து பார்த்தார்.

"உள்ள யாரு பண்ணது?"

"அதுவும் நான்தாங்க."

"வாங்கின அன்னிக்குக் கூட இப்டி இல்லியே!" என்று ஏறி உட்கார்ந்தவர், "வெளிய ஊரு பாத்துக்கட்டும். உள்ள நான்தானே உக்காரப் போறேன். எடுப்பா வண்டிய" என்றாராம். அந்த ஒரு வார்த்தையில் அண்ணனுக்கு வேலை நிலைத்தது, அண்ணிக்கு வீடு நிலைத்தது, வெள்ளிக்கிழமை வந்தவர்களுக்கு என்னையும் பிடித்துப்போனது. அந்தப் புண்ணியவானும் போய்ச் சேர்ந்துவிட்டார். நன்றியை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஆனால் பெயிண்ட் அடிக்கிற வரை அந்தச் சாம்பல் கார் செஞ்சிக் கடைத்தெருவில் ஓடியது. ஊர் பார்த்தது. "காரு வெளக்கி" என்ற பெயர் அண்ணியின் மேல் ஒட்டிக்கொண்டது. என் கல்யாணப் பந்தலிலேயே அண்ணியைக் கேலி செய்தார்கள். அவருடைய மகள் கல்யாணத்தில், "மாப்பிள்ள ஸ்கூட்டர் வெச்சிருக்காரு, பொண்ணு கையில நாரு குடுக்காதீங்க" என்றார்கள். அண்ணி எல்லாவற்றுக்கும் சிரித்தார். பிற்காலத்தில் அண்ணன் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டினார். தினமும் விடியற்காலை அதை உள்ளும் புறமும் துடைத்தது அண்ணிதான். முகூர்த்தத்துக்குப் பெண்ணை அழைத்துவர அந்த வண்டிதான் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். அப்படி வந்தவர்களும் கேலி செய்துவிட்டுத்தான் போனார்கள்.

அண்ணி மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். தன்னை அவலூர்பேட்டையில் விடச்சொன்ன என் அம்மாவைப் படுக்கையில் இரண்டு வருஷம் வைத்துப் பார்த்தார். அண்ணன் போன பிறகும் கலங்காமல் நின்றார். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணனிடம் உண்மையைச் சொல்லாமலே அவரை அனுப்பிவிட்டேன் என்பது என் நெஞ்சில் இன்னும் முள்ளாகக் குத்துகிறது.

கடைசி மாதம் அண்ணிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஒருநாள் மதியம், "அண்ணி, இப்பவாவது பிள்ளைங்க கிட்ட சொல்லிட்றேனே" என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எதுக்கு? இத்தினி நாளு என்னப் பாத்து சிரிச்சாங்க, எனக்குப் பழகிப்போச்சு. இந்த வயசுல ஒன்னப் பாத்து சிரிச்சா நீ தாங்க மாட்ட. வேணாம் பாப்பா."

தள்ளாத வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார்.

அண்ணிக்குத் தினமும் வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸம்மாவுக்கும், கஞ்சி காய்ச்சி மதில்மேல் நீட்டிக்கொண்டே இருந்த பக்கத்து வீட்டு பாய் குடும்பத்துக்கும், நேரம் காலம் பார்க்காமல் ஓடிவந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், தோள் கொடுத்த பிள்ளைகளுக்கும், தூரத்திலிருந்து வந்து எங்களோடு உட்கார்ந்து அழுத உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணி இருந்தவரை அவர் பேச்சை நான் மீறியதில்லை. இன்றைக்கு மீறிவிட்டேன். கார் கதையை விட்டுவிடாதீர்கள். நல்லது கெட்டது எதற்குக் கூடினாலும் சொல்லுங்கள், சிரியுங்கள். ஆனால் சிரிக்கும்போது என்னைப் பார்த்துச் சிரியுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்.