வழி என்ற சொல்லுக்குப் பிறகு

போர்ட் பிளேரில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்கு ஒரே சொல்லில் பதில் வராது. "பாட்டு டீச்சரா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்ப சினிமாவுக்கா?" என்பார்கள். இரண்டும் இல்லை. டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன. பங்குனி உத்திரத்துக்கு ஆண்டுதோறும் ஒரு நாடகம் போடுவோம். திரை தூக்கியதிலிருந்து இறங்குகிறவரை அதில் எல்லாமே பாட்டு, பேச்சு ஒரு வரிகூட இருக்காது. அந்தப் பாட்டு முழுவதையும் எழுதி மெட்டுப் போட்டவள் நான். அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள், என் வீட்டுக்காரருக்கு மாற்றலாகிக் கடல் தாண்டி மெயின்லேண்ட் திரும்பும்வரை அதைத்தான் செய்தேன். சமையலும் பிள்ளைகளும் அதற்கு நடுவில் நடந்தன.

முதல் ஆண்டு நாங்களும் எல்லோரையும் போல வசனம் வைத்துத்தான் நாடகம் போட்டோம். முன்வரிசையில் தமிழர்கள். பின்னால் வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், வெள்ளைக்காரன் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய காலத்திலிருந்தே இங்கே வேர்விட்ட லோக்கல் குடும்பங்கள். மாலையில் வேறு பொழுதுபோக்கு இல்லாத ஊர், எல்லோரும் வந்துவிடுவார்கள். ராஜா வாயைத் திறந்து அடுக்குமொழி பேசியதும் பின்பக்கம் வேர்க்கடலை உடைபடும் சத்தம் கேட்கும். பாட்டு வந்தால் கப்சிப். சங்கத்துச் செயலாளர் இதைக் கவனித்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏம்மா, பேச்சையே எடுத்துடலாமா? பாட்டுன்னா வங்காளிகூட உக்காந்து கேக்குறான்." எடுத்துவிட்டோம். வெகுகாலம் கழித்துச் சென்னையில் ஒருவர் சொன்னார், இதற்கு வெளிநாட்டில் ஆப்பெரா என்று பெயராம், அமெரிக்காவில் இதை எழுதுகிறவர்களை மாளிகை போன்ற அரங்குகளில் எழுந்து நின்று கௌரவிக்கிறார்களாம். எங்களுக்குத் தகரக் கொட்டகை. மழை வந்தால் மேலே விழுகிற சத்தத்தில் என் ஆர்மோனியம் எனக்கே கேட்காது. அந்த ஆர்மோனியமும் ஈரத்தில் சளி பிடித்துக் கம்மிவிடும். அலமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட்டு அதன் பக்கத்தில் வைத்திருப்பேன்.

என் வேலைமுறை ஒன்றே ஒன்றுதான். பாட்டைக் கட்டிவிட்டு ஆளைத் தேடமாட்டேன், ஆளைப் பார்த்துப் பாட்டைக் கட்டுவேன். தையற்காரர் அளவெடுக்கிறாரே, அப்படி. துறைமுகத்து லாஞ்சில் வேலை பார்த்த ஒருவருக்கு மூன்று சுரம்தான் நன்றாக வரும். அந்த மூன்றிலேயே அவரை ராஜாவாக்கினேன். வேறு வழியும் கிடையாது. நல்ல குரல் ஒன்று கிடைத்து வளரும்போது அதற்கு லீவு சாங்ஷன் ஆகிவிடும், அடுத்த கப்பலில் போய்விடும்.

அப்படி இருந்த நாளில்தான் அந்தப் பெண்மணி எனக்குக் கிடைத்தார். பக்கத்துத் தெரு. லோக்கல் குடும்பம். வீட்டில் ஹிந்திதான். அவருடைய கணவர் மர ஆலையில் வேலை பார்த்தார், எங்கள் நாடகத்துக்கு டோலக் வாசிப்பார். கணவரின் தாய்வழித் தாத்தா சேலத்துப் பக்கம் என்பதால் அவருக்கு நம் தமிழ் கொஞ்சம் வரும். அந்தத் தாத்தா என்ன செய்துவிட்டு இங்கே வந்தார் என்று யாரும் கேட்பதில்லை, லோக்கல் குடும்பங்களிடம் அதைக் கேட்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். மனைவிக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. வரிகளை ஹிந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு, அர்த்தத்தை என்னிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வார். பிறகு அவர் பாடினால் தமிழ் தெரிந்தவர்களே புதிதாக அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். நான் அவரை பாபி என்பேன், நம் அண்ணி மாதிரி. அவர் என்னை தீதி, அதாவது அக்கா என்பார்.

அவருக்காகவே ஒரு நாடகம் எழுதினேன். புராணமெல்லாம் இல்லை, எங்கள் கதைதான். மழைக்காலத்தில் கப்பல் வராமல் போகிறது. கடையில் உருளைக்கிழங்கு இல்லை, வெங்காயம் இல்லை. ஊரே கப்பல்துறையில் நின்று கப்பலை எதிர்பார்க்கிறது, ஒருத்தி மட்டும் கணவனை எதிர்பார்க்கிறாள். அவள் அலையைப் பார்த்துப் பாடுகிறாள்: "அலைக்கெல்லாம் வழி தெரியும், உனக்கு மட்டும் தெரியலையோ." ஒத்திகையின் முதல் நாள் வெளியே மழை. பாபி இதைப் பாடும்போது "அலைக்கெல்லாம் வழி" என்றதும் நின்றுவிட்டார். மூச்சை இழுத்தார். மெலிதாக ஒரு விசில் சத்தம். பிறகு "தெரியும்" என்று தொடர்ந்தார்.

"ஏன் அங்க போய் நிறுத்துறீங்க?" என்று ஹிந்தியில் எரிந்து விழுந்தேன். எனக்கு மூக்குமேல் கோபம்.

"மாஃப் கரோ, தீதி. மழை வந்தா எனக்கு இப்பிடித்தான். தமா" என்றார் அவரும் ஹிந்தியில். சிறுவயதிலிருந்தே இளைப்பு நோய் என்று கணவர் விளக்கினார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தி தேய்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அலைக்கெல்லாம் வழி என்று சொல்லிவிட்டு ஒருத்தி நின்றுவிட்டால், கேட்கிறவன் நெஞ்சு அடுத்த சொல்லுக்காகத் தவித்துப்போகும். இலக்கணப்படி நிறுத்தக்கூடாத இடம் அது. அதனால்தான் அது அப்படிக் குத்துகிறது. மறுநாள் அந்த இடத்தைக் காலியாக்கினேன். ஆர்மோனியம் இல்லை, டோலக் இல்லை, சிங்கி இல்லை. பாபி வேண்டிய மட்டும் மூச்சு இழுத்துக்கொண்டு, தாமாக "தெரியும்" என்று எடுத்ததும் நாங்கள் சேர்ந்துகொள்வோம். அவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தேன், அவ்வளவுதான். அதில் எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை.

அந்த ஆண்டு அந்த இடத்தில் கொட்டகையே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மெயின்லேண்டில் முறையாகச் சங்கீதம் படித்த ஓர் அதிகாரியின் மனைவி மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மௌனம் ஒண்ணு போதும், நீங்க பெரிய ஆளு" என்றார். நான் மறுக்கவில்லை. பெருமையாக இருந்தது. மறு ஆண்டும் அதே நாடகத்தைத்தான் கேட்டார்கள். நான் புதிதாக எழுதியவை வரவேற்பில்லாமல் போயின. என் தொழில் முழுவதும் அந்த ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டது என்று சொன்னால் தவறில்லை.

அதற்கடுத்த மழைக்காலத்தில் பாபிக்கு நோய் முற்றியது. மெட்ராஸுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கணவர் கூடப் போனார். பாபி கரைபோய்ச் சேரவில்லை, கப்பலிலேயே உயிர் பிரிந்துவிட்டது. உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள். கணவர் அதே கப்பலில் தனியாகத் திரும்பி வந்து, வேலைக்குப் போனார். பங்குனி வந்ததும் டோலக்கைத் தூக்கிக்கொண்டு ஒத்திகைக்கும் வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவும் ஊர் வழக்கம்தான்.

பாபியின் வேஷத்துக்கு ஷாதிபூரிலிருந்து ஒரு டீச்சரம்மா கிடைத்தார். நல்ல சாரீரம். ஒரே மூச்சில் பள்ளிக்கூடத்தையே அதட்டுகிற நெஞ்சு. அவருக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பாட்டு அப்படித்தானே இருக்கிறது, நின்றார். முதல் ஆண்டு வெறுமனே நின்றார். இரண்டாம் ஆண்டு பழைய நாடகம் நினைவிருந்த யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், "வழி" என்றதும் மூச்சை இழுத்தார். அந்த மெல்லிய விசிலையும் சேர்த்து இழுத்தார். பலத்த கைதட்டல். இறந்தவளின் மூச்சை ஒருத்தி நகைபோல எடுத்து மாட்டிக்கொண்டு என் எதிரில் நிற்கிறாள், நானே அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். சில நாள் கழித்து ஷாதிபூர்க் குழாயடியில் இரண்டு சிறுமிகள் குடத்தை வைத்துவிட்டு அந்தப் பாட்டைப் பாடினார்கள். அந்த இடத்தில் இரண்டு பேரும் விசில் சத்தத்தோடு அழகாக மூச்சு இளைத்தார்கள். அதன்பிறகு ஆர்மோனியத்தின் துருத்தியை அமுக்கும்போதெல்லாம், அது காற்று இழுக்கிற சத்தத்தில் பாபி இருந்தார். அதையும் சமாளித்துக்கொண்டு வாசித்தேன்.

அடுத்த ஆண்டு ஒத்திகை தொடங்கும் முன் பாபியின் கணவர் என் வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்தேன், குடிக்கவில்லை.

"தீதி, ஒரு பாத், ஒரு விஷயம் சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அந்த எடத்த மூடிடுங்க."

எந்த இடம் என்று கேட்க வேண்டியதில்லை. "அத எப்படி மூடறது? அந்த நாடகமே அந்த இடந்தான். ஜனங்க அதுக்குத்தான் வராங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அதைக் கையை விட்டுப் பிடுங்க வருகிறார் என்று தோன்றியது. இன்னொன்றும் சொன்னேன். "பாபி அங்கதான் இருக்காங்க. அதையும் மூடினா அவங்க எங்க இருப்பாங்க?"

அவர் கப்பலில் நடந்ததைச் சொன்னார். அதுவரை யாரிடமும் சொல்லாதது. பாபி வெந்நீர் கேட்டிருக்கிறார். இவர் கீழே பேண்ட்ரிக்கு, கப்பல் சமையல்கட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே கியூ. வெந்நீரோடு மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"கடைசி மூச்ச அவ தனியா இழுத்திருக்கா, தீதி. நான் பக்கத்துல இல்ல. இப்ப வருஷா வருஷம் ஸ்டேஜ்ல அவ இழுக்குறா. நான் பக்கத்துலயே இருக்கேன். ஆனா டோலக் மேல கைய வெச்சிட்டு சும்மா உக்காந்திருக்கேன். நீங்க அங்க எனக்கு ஒரு தட்டுகூடக் குடுக்கல."

அந்த மௌனத்தில் பாடுகிறவளைத்தான் பார்த்திருந்தேன். டோலக்கின் மேல் சும்மா கிடந்த இரண்டு கைகளை நான் பார்க்கவே இல்லை.

மூடினேன். மற்றபடி இரண்டு சப்பாத்தி தேய்க்கும் நேரத்தில் ஒரு பாட்டுக் கட்டுகிறவள், இதற்கு ஒரு மாதம் தடுமாறினேன். "வழி"யைக் கீழே இழுத்து, ஒரு வளைவு கொடுத்து, மூச்சு விடாமல் "தெரியும்" வரை கொண்டுசேர்த்தேன். அடியில் டோலக் ஓடிக்கொண்டே இருக்கும்படி வைத்தேன். டீச்சரம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அங்கதானே எனக்குக் கைதட்டலே" என்றார். "கைதட்டல் வேணும்னா வேற நாடகம் பாருங்க" என்றேன்.

பங்குனி உத்திரத்தன்று கொட்டகை நிறைந்து வெளியிலும் நின்றார்கள். அந்தப் பாட்டு வந்தது. டீச்சரம்மா நன்றாகவே பாடினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "அலைக்கெல்லாம் வழி" என்று எடுத்து, நான் சொல்லிக் கொடுத்த வளைவில் இறங்கினார்.

அப்போது கொட்டகை மூச்சு இழுத்தது.

வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. முன்வரிசையில் எங்கள் ஆட்கள், பின்னால் வங்காளத்துப் பெண்கள், தெலுங்குக்காரர்கள், வெளியே நின்றவர்கள், அத்தனை பேரும். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. இத்தனை ஆண்டுகள் கேட்டுக் கேட்டு அவர்கள் நெஞ்சுக்கு அந்த இடம் பழகிப்போயிருந்தது. பாட்டு நிற்காமல் போய்விட்டது, அவர்கள் நின்று இழுத்தார்கள். பாதிக்குமேல் தமிழே தெரியாத கூட்டம், சரியாக வழி என்ற சொல்லுக்குப் பிறகு. அந்தச் சத்தம் தகரத்துக்குக் கீழே எழுந்து என் பின்னங்கழுத்தில் வந்து பட்டது. எனக்கு பயமாக இருந்தது. விரல்கள் கட்டையை விட்டு எழுந்துவிட்டன. பக்கத்தில் டோலக்கும் நின்றுபோனது. டீச்சரம்மா மட்டும் துணையில்லாமல் தெரியும், தெரியும் என்று பாடிக்கொண்டிருந்தார்.

திரை விழுந்ததும் பாபியின் கணவரைத் திரும்பிப் பார்க்கவே எனக்கு தைரியம் வரவில்லை. இவ்வளவு பாடுபட்டு மூடியும் பாபியின் மூச்சை நூறு மடங்காக்கி அவர் காதில் போட்டுவிட்டோமே என்றிருந்தது. அவர் டோலக்கின் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் ஈரம். துடைக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க. நான் மூடத்தான் மூடினேன்" என்றேன்.

"தெரியும், தீதி." டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அடுத்த வருஷம் பழையபடி தொறந்து விட்டுருங்க. இத்தனை பேர் கூட இழுக்குறாங்க. அவ தனியா இல்ல."