ஸ்ட்ரோப் வேண்டாம் மாஸ்டர்

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். மேடைக்குப் புகையும் ஒளியும் அமைக்கும் வேலைக்குப் போனதும், “விழுந்து விழுந்து படிச்சிட்டு ஊருக்கே புகை போடுறா” என்று அண்ணன் கிண்டலடித்தான். இதற்காகத்தான் படித்தோமா என்று அவளுக்கே சில நாள் தோன்றும். ஆடுகிறவர்களுக்கு அவள் புகையக்கா.

ஒத்திகைக்கு முன் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பது அவள் வழக்கம்: “விளக்கு படபடன்னு வெட்டினா உனக்கு ஏதாவது பண்ணுமா?”

அந்தக் கல்லூரி விழாவில் கடைசி வரிசைப் பெண் அழுதுவிட்டாள். “வலிப்பு வரும்க்கா. மாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க, என்னைத் தூக்கிடுவாரு.”

நடன மாஸ்டரோ, படபடவென வெட்டும் ஸ்ட்ரோப் விளக்கு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். “ஸ்ட்ரோப் வெட்டலேன்னா கடைசிப் பாட்டு சப்புன்னு போயிடும்மா.”

“அறுநூறு பேர் பாக்க வர்றாங்க மாஸ்டர். அதுல யாருக்காவது வலிப்பு இருந்தா? அஞ்சே நிமிஷம் குடுங்க, வேற ஒண்ணு காட்டுறேன்.”

மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, கணுக்கால் உயரத்துக்குப் புகையைப் படரவிட்டாள். பின்னாலிருந்து ஒரே ஒரு நீல விளக்கை மெல்ல ஏற்றினாள். ஆடியவர்கள் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் இருந்தார்கள்.

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். “அடிப்பாவி, இதை முன்னாடியே காட்டக் கூடாதா? இதையே வை.”

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் துள்ளி வந்தது.

“இன்னொரு தடவை போடுங்கக்கா!”